அவசரமென்றால் அழைக்க வேண்டியவர்

சார்னித்ஸாவில் லுத்விகா ருசின் எட்டிப் பார்க்காத குளியலறை கிடையாது. முப்பத்தோரு வருஷம் நகராட்சிக்காக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் படித்து எழுதியவள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கவ்வும், எந்த மாடிப்படியில் கைப்பிடி ஆடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காயப்போட்ட உள்ளாடைகளை விலக்கிக்கொண்டு மீட்டருக்குக் குனிகிற பெண்ணிடம் யாரும் பெரிதாக வெட்கப்படுவதில்லை. அதனால் ஊரில் பாதிப் பேரின் வீட்டு விஷயம் அவள் கேட்காமலே அவள் காதில் விழுந்திருந்தது. எதையும் வெளியே சொன்னதில்லை என்று அவளுக்கு நல்ல பெயர்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் கணவன் எட்மண்ட் இறந்துபோனான். ஒரே மகள் இலோனா நார்வேயில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளுடைய போன் வரும். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் சத்தம் போடுவது பிரிட்ஜ் ஒன்றுதான். ஆகவே நகராட்சியில் முதியோர் ஆலோசனைக் குழு என்று ஒன்றை அமைத்தபோது, எதிர்வீட்டுக்காரி கேட்காமலே இவள் பெயரைக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்தும் லுத்விகா கோபப்படவில்லை.

குழுவில் ஒன்பது பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், சம்பளமில்லாமல் வந்து உட்காருகிறவர்கள். நகரசபை ஒரு முடிவெடுக்கும் முன்பு இவர்களுடைய கருத்தைக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கேட்டாலும் அதன்படி நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தலைவர் கொர்னெல் சரெம்பா தீயணைப்புத் துறையில் அதிகாரியாக இருந்தவர். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

"நமக்கு அதிகாரம்னு ஒண்ணும் கெடையாதுங்க. வாய் இருக்கு, பேனா இருக்கு. ரெண்டையும் அளவா வெச்சுக்குவோம்."

கூட்டம் நடந்தது நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். லிப்ட் இல்லை. முதியோர் குழு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறுவதைக் கீழே இருக்கும் குமாஸ்தாக்கள் ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தார்கள். குழுவின் முதல் கருத்துரை தங்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை வேண்டும் என்பது. அறை கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் முழங்கால் வலி தாங்காமல் ஓர் உறுப்பினர் விலகிக்கொண்டார்.

அதற்கடுத்த இலையுதிர் காலத்தில்தான் உறை விஷயம் வந்தது. தனியாக வாழ்கிற வயதானவர் வீட்டில் மயங்கி விழுந்து கிடப்பார். ஆம்புலன்ஸ்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போனால் அவருக்கு என்ன நோய், என்ன மருந்து, யாருக்குச் சொல்வது என்று ஒன்றும் தெரியாது. அதற்காக ஒரு படிவத்தை நிரப்பி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீடு இல்லையே. உறை இருப்பது தெரிய அதன் கதவில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். வேறு ஊர்களில் செய்கிறார்கள், நாமும் செய்வோம் என்றார் கொர்னெல். ஊரைப் பங்கு போட்டுக்கொண்டபோது லுத்விகா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய அடுக்குமாடிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளைக் கண்டதும் பலர் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். "மீட்டர் இல்லீங்க, இப்போ உங்களத்தான் படிக்க வந்திருக்கேன்" என்று சொல்லி அவள் சமையலறை மேஜையில் உட்காருவாள். தேநீர் வரும், கூடவே பிளம்ஸ் வைத்த கேக் வரும். நோய்களைச் சொல்ல யாரும் தயங்கவில்லை. பித்தப்பையை எடுத்த கதையைப் போரில் வாங்கிய பதக்கம் போல விவரித்தார்கள். மாத்திரைப் பெயர்களுக்கு இடம் போதாமல் லுத்விகா ஓரத்தில் நுணுக்கி எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும்தான் பேச்சு நின்றுபோகும். அவசரமென்றால் அழைக்க வேண்டியவர் என்று அச்சிட்டு, எதிரே ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

சிலர் இங்கிலாந்தில் இருக்கும் பேரன் பெயரைச் சொல்லிவிட்டு, எண்ணைத் தேட எழுந்து போய் வெகுநேரம் திரும்பி வரமாட்டார்கள். சிலர் இறந்துபோன தங்கையின் பெயரைச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்வார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்த எயுஃபெமியாவுக்கு எண்பத்து நான்கு வயது. அவள்தான் முதலில் கேட்டாள். அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்களைப் பானி என்றும் ஆண்களைப் பான் என்றும் பெயரோடு சேர்த்து அழைப்பார்கள்.

"உங்க பேரையே போட்டுக்குங்களேன், பானி லுத்விகா. போன் வந்தா எடுப்பீங்கல்ல?"

"எடுப்பேன். ஆனா நான் உங்களுக்கு என்ன ஒறவு?"

"முப்பது வருஷமா என் வீட்டுத் தண்ணியக் கணக்குப் பாத்தீங்க. அது போதாதா?"

லுத்விகா தன் பெயரையும் எண்ணையும் எழுதினாள். உறவு என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல், முதியோர் குழு உறுப்பினர் என்று போட்டாள். அடுத்த வாரம் இன்னொருவர் கேட்டார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் பதினொரு பிரிட்ஜுகளில் அவள் பெயர் ஏறிவிட்டது.

கூட்டத்தில் இதை மறைக்காமல் சொன்னாள். கொர்னெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாம கருத்து சொல்ற குழு, பானி லுத்விகா. சொந்தக்காரங்க குழு இல்ல."

"கோடு காலியா இருந்தா ஆம்புலன்ஸ்காரன் யாரைக் கூப்பிடுவான்? உங்களையா?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார். செய்யாதே என்று யாரும் சொல்லவில்லை. நடவடிக்கைக் குறிப்பிலும் அது ஏறவில்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் ஹியரோனிம் வ்ரோனா. ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்தவர். எண்பத்திரண்டு வயதில் நான்காம் மாடியில் தனியாக இருந்தார். பாத்திரங்கள் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். துண்டுகள் ஓரம் பிசகாமல் மடித்திருக்கும். லுத்விகாவை உட்கார வைத்துப் பார்லிக் கஞ்சி ஊற்றினார். கடைசி வரிக்கு வந்ததும், "யாருமில்ல, கோடு போட்டுடுங்க" என்றார்.

"கெரார்ட் இருக்கானே?" என்று லுத்விகா கேட்டுவிட்டாள். இதே மேஜையில் அவருடைய பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்ததை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இப்போது ஐம்பது வயது. போஸ்னானில் பல் மருத்துவர்.

ஹியரோனிம் கரண்டியைக் கீழே வைத்தார். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். மனைவி படுத்த படுக்கையாக இருந்தபோது மகன் அவளைப் போஸ்னானுக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். இவர் விடவில்லை. அவள் பிறந்த ஊரிலேயே இருக்கட்டும் என்றார். அவள் இறந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாவைக் கொன்றது நீதான் என்று மகன் உறவினர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். அதற்கப்புறம் ஒன்பது வருஷமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"எனக்கு என்ன ஆனாலும் அவனுக்குப் போகக் கூடாது. நான் போனப்பறம் சொன்னாப் போதும். எனக்கு வாக்குக் குடுங்க."

லுத்விகா கொடுத்தாள். காலியாக இருந்த அந்தக் கோட்டில் தன் பெயரையே எழுதினாள். கிழவரின் வீம்பு, நாளாவட்டத்தில் ஆறிவிடும் என்றுதான் அன்று நினைத்தாள். அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அவள் அந்த மாடி ஏறுவது வழக்கமானது. அவர் கஞ்சி வைப்பார். இவள் ரொட்டி வாங்கிப் போவாள். நகராட்சி பனியைத் தள்ளாததைப் பற்றி இருவரும் சேர்ந்து திட்டுவார்கள். மகன் பேச்சை அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தரைத்தள அறையில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. ஹியரோனிம் சமையலறையில் வழுக்கி விழுந்திருந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் பிரிட்ஜைத் திறந்து உறையை எடுத்து அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "பாத்தீங்களா, உறை வேலை செஞ்சிருக்கு" என்று கொர்னெல் மற்றவர்களிடம் சொல்வது காதில் விழுந்தது. அவளுக்கும் அந்த நிமிஷம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இதயம் பலவீனமாக இருந்ததால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டார்கள். இரண்டாம் நாள் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. லுத்விகா காலையில் வந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை இருப்பாள். நீங்கள் மகளா என்று தாதி கேட்டபோது, முதியோர் குழு என்றாள். தாதி அதை அதிகம் யோசிக்காமல் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மருத்துவர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடுவது நல்லது என்றார். எண்ணைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையே இல்லை. போஸ்னானில் வ்ரோனா என்ற பல் மருத்துவர் ஒருவர்தான் இருந்தார். லுத்விகா அதைப் பஸ் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டாள். ஜன்னலருகே நின்று ஒன்பது எண்களையும் அழுத்தினாள். பிறகு அழித்தாள். ஒரு மனிதர் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, தெளிந்த புத்தியோடு கேட்டு வாங்கிய வாக்கு. அவர் சாய்ந்து கிடக்கிற நேரம் பார்த்து அதை மீறுவது அவரை ஏய்ப்பது போல இருந்தது.

உள்ளே போய் அவர் காதருகே குனிந்தாள். "கெரார்டுக்குச் சொல்லட்டுமா, பான் ஹியரோனிம்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தலை தலையணையில் இப்படியும் அப்படியும் அசைந்தது. வேண்டாம் என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் பிற்பகல் அவருக்குச் சற்றுத் தெளிந்தது. உதட்டை நனைத்துவிட்டாள். அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"யாராவது வந்தாங்களா?"

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் லுத்விகா.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு மருத்துவமனையிலிருந்து அவளைக் கூப்பிட்டு, போய்விட்டார் என்றார்கள்.

இப்போது சொல்லலாம். எட்டு மணிக்குக் கெரார்டுக்குப் போன் செய்து சொன்னாள். பின்னணியில் ஏதோ கருவி சுழலும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. வருகிறேன் என்று மட்டும் சொன்னான். மதியத்துக்குள் வந்துவிட்டான். தாழ்வாரத்தில் அவளைப் பார்த்ததும், மீட்டர் பார்க்க வருகிற பானி லுத்விகா என்று அடையாளம் கண்டுகொண்டான். அந்த ஒரு கணம் அவன் முகம் பழைய பையனுடையதாக இருந்தது.

"எப்போ விழுந்தார்?"

"செவ்வாக்கெழம."

அவன் விரல் விட்டு எண்ணுவதுபோல் நின்றான். "போஸ்னான்லேர்ந்து இங்க வர மூணு மணி நேரம், பானி லுத்விகா. உங்களுக்கு அஞ்சு நாள் இருந்துது."

"அவர் என்கிட்ட வாக்கு வாங்கியிருந்தார்."

"எனக்கும் அவருக்கும் நடுவுல நிக்கறதுக்கு உங்களுக்கு யார் உரிமை குடுத்தா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. அடக்கத்தன்று அவள் தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றாள். சாப்பாட்டுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து நகரத் தலைவருக்குக் கெரார்டின் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். தவறான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆலோசனை சொல்ல அமைத்த குழுவின் உறுப்பினர், மகன் இருப்பது தெரிந்தே, மகனின் இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டது எந்த விதியின்படி என்று கேட்டிருந்தான். நகராட்சி மன்னிப்புக் கேட்டது. உறை கொடுப்பதை நிறுத்தி வைத்தது. விளக்கம் சொல்லும்படி குழுவுக்கு ஓலை வந்தது.

அந்தக் கூட்டத்தில் கொர்னெல் கடிதத்தை முழுவதும் படித்தார். ஒன்பது வருஷம் இந்த மகன் எங்கே போயிருந்தார் என்று ஓர் உறுப்பினர் கொதித்தார். லுத்விகா அவரைத் தடுத்தாள். அவன் எழுதியிருப்பதில் பொய் எதுவும் இல்லை என்றாள். உறுப்பினர்களின் பெயர்களை எல்லா உறைகளிலிருந்தும் நீக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள், அவள் தூக்கவில்லை. ஆனால் நீக்குகிற வேலையை யாருக்கும் விடாமல் தானே செய்கிறேன் என்றாள்.

பத்து வீடுகள். எழுதப் போன அதே மாடிகளை அழிக்க ஏறினாள். ஒருவர் "சரி, எப்பவும் நடக்கறதுதானே" என்று பிரிட்ஜைத் திறந்து நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொருவர் படிவத்தையே கிழித்துக் குப்பையில் போட்டார். காது கேளாத ஒரு பெண்மணிக்கு விஷயத்தைப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது. புரிந்ததும் அவள் லுத்விகாவின் கையைத் தட்டிக் கொடுத்து, உங்களுக்கு என்ன கஷ்டமோ என்றாள். அது கிழித்ததைவிட மோசமாக இருந்தது.

எயுஃபெமியா மட்டும் பேனாவைத் தர மறுத்துவிட்டாள்.

"குழுவுலேர்ந்து உங்களத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல. பேரைத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்போ குழுவ எடுத்துருவோம். பேரு கெடக்கட்டும்." அவளே முதியோர் குழு உறுப்பினர் என்ற இடத்தைக் குறுக்கே அடித்தாள். உறவு என்ற கட்டம் வெறுமையாக நின்றது.

அன்று மாலை லுத்விகா விலகல் கடிதம் எழுதினாள். மறுநாள் கொர்னெல் அவள் வீட்டுக்கு வந்தார். வந்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குத் தான் சிரித்துவிட்டுப் போயிருக்கக் கூடாது என்றார். விலகத்தான் வேண்டும் என்றால் விலகுங்கள், ஆனால் புதுப் படிவத்துக்குச் சில வரிகள் எழுதித் தந்துவிட்டுப் போங்கள் என்றார்.

அவள் எழுதித் தந்தாள். யாருக்குச் சொல்லக் கூடாது என்று ஒரு வரி. உயிர் போகும் நிலை என்றால் அப்போதும் சொல்லக் கூடாதா என்று அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டுக்கும் அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியை ஹியரோனிமிடம் தான் கேட்கவே இல்லை என்பது எழுதும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கஞ்சி ஆறிக்கொண்டிருந்த அந்த மேஜையில் கேட்டிருக்கலாம். வாரா வாரம் வியாழக்கிழமை கேட்டிருக்கலாம். நகராட்சி அந்தப் படிவத்தை மறு வருஷம் ஏற்றுக்கொண்டது.

நவம்பர் முதல் தேதி, அனைத்துப் புனிதர் நாளன்று ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. எட்மண்டுக்கு விளக்கேற்றிவிட்டு லுத்விகா வ்ரோனா கல்லறைப் பக்கம் போனாள். கெரார்ட் அங்கே ஈர இலைகளை அள்ளிக்கொண்டிருந்தான். திரும்பிவிட நினைத்தாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இலைகளைக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டான்.

"அந்த அஞ்சு நாள்ல அவர் ஏதாவது சொன்னாரா?"

சொல்லாமலே வந்துவிட்டிருக்கலாம். ஒரு முறை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. தலையணையில் தலை அசைந்ததைச் சொன்னாள். அது வேண்டாம் என்பதா, காய்ச்சலில் புரண்டதா என்று இன்றைக்கும் தனக்குத் தெரியாது என்றாள். கதவைப் பார்த்து யாராவது வந்தார்களா என்று கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், அவர் சுவர்ப் பக்கம் திரும்பியதையும் சொன்னாள்.

கெரார்ட் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டான். "என்னைத்தான் கேட்டாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்போ எனக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றான். இலைக் கூடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்த்ததில்லை.

இப்போது லுத்விகாவுக்கு எழுபத்து நான்கு. குழுவில் இல்லை. ஆனாலும் அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் புதுப் படிவத்தில் தங்கள் கைப்பட அவள் பெயரை மறுபடி எழுதினார்கள். உறவு என்ற இடத்தில் ஒருவர் அண்டை வீடு என்றார், ஒருவர் தோழி என்றார். இரண்டு பேர் ஒன்றும் எழுதவில்லை. போன் எந்த நேரம் அடித்தாலும் அவள் எடுத்துவிடுகிறாள்.

மருத்துவர் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவள் காத்திருப்பதில்லை. கையெழுத்துப் போட்டு வேண்டாம் என்று எழுதியிருந்தால் ஒழிய, பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறாள். இரண்டு முறை அப்படிச் செய்தாள். முதல் தடவை மகள் வார்சாவிலிருந்து நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். தாய் அவளைப் பார்க்க மறுத்துப் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். அந்த மகளுக்குத் தாழ்வாரத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்து லுத்விகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செய்தது சரியா என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை.

இரண்டாவது தடவை எயுஃபெமியாவுக்காக. அண்ணன் மகன் ஒருவன் எங்கோ இருக்கிறான் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். லுத்விகா தேடிப் பிடித்த எண்ணில், இது இப்போது உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எயுஃபெமியா விழித்துத்தான் இருந்தாள். லுத்விகா தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சலவைக்கூடத்துக் கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.